கடைசியாக விழிக்கும் மரபணு

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என்னை நிறுத்தியது என் பெட்டியிலிருந்து கசிந்த வெள்ளைப் புகை. உலர் பனிக்கட்டி அப்படித்தான் புகையும். சீருடை அணிந்த இளம் அதிகாரி இரண்டடி தள்ளி நின்றுகொண்டு உள்ளே என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தசை."

"என்ன இறைச்சி? மாடா, ஆடா?"

"எலி."

அவர் பக்கத்திலிருந்த பெண் அதிகாரியிடம் மலாயில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தியாவிலிருந்து ஓர் அம்மா எலிக்கறி கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. பனிக்கட்டி கரைந்தால் அதனுள் ஆறு சிறு குப்பிகளில் இருக்கும் செல்கள் செத்துப்போகும். அனுமதிக் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். அவர் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். கடைசியில் முத்திரை குத்தி, பெட்டியைத் தானே தூக்கித் தள்ளுவண்டியில் வைத்து, "எலிக்கு நல்வரவு" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் தசை செல்களை வளர்ப்பவள். தசை பிறக்கும்போது நீளமாகப் பிறப்பதில்லை. சின்னச் சின்னத் தனிச் செல்களாகத்தான் இருக்கும். அவை வரிசையில் நின்று, ஒன்றோடொன்று கலந்து, நீண்ட நாராக மாறும். அப்படி மாறும்போது செல்லின் மேல்தோலில் மின்சாரம் போய்வருவதற்கான வழிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பொட்டாசியத்துக்கு ஒரு வழி, சோடியத்துக்கு ஒரு வழி, கால்சியத்துக்கு ஒன்று, குளோரைடுக்கு ஒன்று. இவற்றை அயனி வாய்கள் என்கிறோம். எந்த வாயின் மரபணு எந்த நாளில் விழிக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் பதினைந்து வருடங்களாக என் வேலை. சிரம்பானில் ஓர் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க நான்கு வாரம் அழைத்திருந்தார்கள்.

தங்குவதற்குச் சிரம்பானின் ராசா பகுதியில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் அறை. முதல் நாள் காலை கீழே இறங்கியதும் கடைக்கார அக்கா, "பசியாறியாச்சாம்மா?" என்றார். நான், "பசி இல்லைங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது. பசியாறுவது என்றால் இங்கே காலை உணவு. நான் வேண்டாம் என்று முகத்திலடித்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் நானாகவே போய், "பசியாறணும்க்கா, எங்க போகட்டும்?" என்று கேட்டேன். முகம் மலர்ந்து எதிர்ச் சாரிக் கடையைக் காட்டினார். அங்கே ரொட்டி சானாய் போடுபவர் மாவை வீசுவதைப் பார்த்தால் நம் ஊர்ப் பரோட்டா மாஸ்டர்கள் சோம்பேறிகளாகத் தோன்றுவார்கள். ஆனால் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் பருப்புக் குழம்பில் நம் கை வேண்டும். அதை நான் வெளியே சொல்லவில்லை.

மூன்றாம் நாள் குப்பிகளைத் திறந்தோம். ஐந்தாம் நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்த ஒரு மாணவி, "மேடம், ஒட்டிக்கிச்சு!" என்று கத்தினாள். செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டால் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். எலிகள் பிழைத்துவிட்டன. அன்று மாலை எல்லோருக்கும் சிரம்பானின் புகழ்பெற்ற சியூ பாவ், உள்ளே இறைச்சி அடைத்துச் சுட்ட சீனப் பலகாரம், வாங்கித் தந்தேன். நான் சைவம் என்பதால் எனக்கு மேல் ஓட்டை மட்டும் உடைத்துக் கொடுத்தார்கள்.

ஆய்வகத்தில்தான் டாக்டர் எஸ்தரைச் சந்தித்தேன். நரம்பியல் மருத்துவர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவராம். மூன்று தலைமுறைக்குப் பிறகும் எஸ்தர் 'ஓம்' என்றுதான் ஆமோதிப்பார். என் வகுப்பைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"குளோரைட் வாய் கடைசியாத்தான் வரும் எண்டு சொன்னீர். ஏன் அப்பிடி?"

"பிள்ளை பிறந்த பிறகுதான் அது முழுசா விழிக்கும். என் தட்டுல அது வந்ததே இல்ல டாக்டர். மற்ற எல்லா வாயும் வந்துடும். இது மட்டும் வராது. நரம்பு வேணும், நடமாட்டம் வேணும் போல."

"அது இல்லாட்டி என்ன ஆகும் எண்டு பாத்திருக்கிறீரா?"

படத்தில் பார்த்திருக்கிறேன் என்றேன். வேலை முடிந்த தசையை அமைதிப்படுத்துவது அந்த வாய்தான். அது இல்லாவிட்டால் தசை ஓயாது. மூடிய கை உடனே திறக்காது. நூறு தடவை பலகையில் எழுதியிருக்கிறேன். திறக்காத ஒரு கையை நேரில் கண்டதில்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை என்னோட வாரும்," என்றார் எஸ்தர்.

போகும் வழியில் காரில் விஷயத்தைச் சொன்னார். ரெம்பாவ் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டம், நம் ஊரில் எண்ணெய்ப்பனை என்பது. அங்கே ஷர்மிளா என்று பத்தொன்பது வயதுப் பெண். உட்கார்ந்து எழுந்தால் கால் விறைக்கிறது, பேனாவைப் பிடித்தால் விரல் விடுவதில்லை. வேறெங்கோ ஒரு கிளினிக்கில் சோதனை எதுவும் செய்யாமலே, 'தசை தேயும் வியாதி, இருபத்தஞ்சு வயசுல வீல்சேர்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஈப்போவில் பாலிடெக்னிக்கில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் பதிலே போடவில்லை. எஸ்தரிடம் ஒருமுறை வந்தாள். ரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் எழுந்து போனவள், மூன்று மாதமாக வரவில்லை.

"என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"ரெண்டில ஒண்டு," என்றார். எனக்கும் தெரியும் அந்த இரண்டு. ஒன்றில் குளோரைட் வாயின் மரபணுவிலேயே ஓர் எழுத்துப் பிழை. கை கால் விறைக்கும், அவ்வளவுதான். தசை தேயாது, ஆயுள் குறையாது. இன்னொன்றில் பிழை வேறொரு மரபணுவில். அதனால், வளர்ந்த தசை குளோரைட் மரபணுவைக் குழந்தைப் பருவத்தில் வாசித்த மாதிரியே அரைகுறையாக வாசிக்கும். கை அதேபோல விறைக்கும். ஆனால் அத்தோடு நிற்காது. தசை தேயும், கண்ணில் புரை விழும், இதயம் தடுமாறும். பெற்றோரைவிடப் பிள்ளைக்கு மோசமாக வரும். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

"பிள்ளைக்கு ரெண்டாவதுதான் தெரியும். போனில எல்லாத்தையும் வாசிச்சிட்டாள். என்ர தமிழ் அவளுக்குப் பிடிபடுதில்ல. நீர் ஒருக்கா கதைச்சுப் பாரும்."

ரெம்பாவில் எருமைக் கொம்புபோல இரு முனையும் வளைந்து நிற்கும் கூரைகளைப் பார்த்தபடி போனேன். அப்புறம் செம்பனை தொடங்கியது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் இடையில் வெயில் விழும். இங்கே மரத்தடி பகலிலும் மங்கல்தான். செம்மண் பாதையில் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று எங்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போனது.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஷர்மிளாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். மணியம் என்று பெயர். செம்பனைக் குலை வெட்டுபவர். நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் கட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும் குலையை அறுத்துத் தள்ளும் வேலை. தோளும் தொடையும் பயில்வானைப் போல இருந்தன. எங்களைப் பார்த்தும் அவர் எழவில்லை. எஸ்தர் கை நீட்டினார். அவர் கொடுக்காமல் கும்பிட்டார். மரியாதை தெரியாத மனிதர் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

அவர் மனைவி லெட்சுமி கோப்பி கொண்டுவந்தார். ஷர்மிளா உள்ளறைக் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"டெஸ்ட் வேணாம் டீச்சர்," என்றாள் என்னிடம். நான் யாரென்று சொன்னதுமே டீச்சர் ஆகிவிட்டேன். "தெரிஞ்சிக்கிட்டு என்னா செய்யப் போறேன்? தெரியாம இருந்தா கொஞ்ச நாளாச்சும் சும்மா இருக்கலாம் லா." அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சின் ஒட்டு.

"நல்ல மாதிரியாவும் இருக்கலாம் இல்லையா?"

"நான்தான் எல்லாம் படிச்சிட்டேனே. அப்பா அம்மாகிட்ட கொஞ்சமா இருக்கும், பிள்ளைக்குப் போகப் போக கெட்டுப்போவும்னு போட்டிருக்கு." அவள் என் பக்கம் நிமிர்ந்தாள். "உங்க லேப்ல இத சரி பண்ண முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் எதுக்கு டீச்சர்?"

அயனி வாய்களைப் பற்றி நான் பேசியதை அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து எஸ்தர் எழுந்தார். தோற்றுப்போய்த்தான் கிளம்பினோம்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. யாரோ மேலே குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வரும். எஸ்தர் காரைப் பின்னுக்கு எடுத்தார். செம்மண் வழுக்கி, பின் சக்கரம் இரண்டும் வாசலோரச் சாக்கடையில் தொப்பென்று இறங்கின. கார் பின்பக்கமாகச் சாய்ந்தது. நான் அலறிவிட்டேன்.

"ஐயோ, காடி லோங்காங்குல விழுந்துருச்சு!" என்று லெட்சுமி கத்தினார்.

மணியம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். இரண்டடி எடுத்து வைத்திருப்பார். கால்கள் இரண்டும் கம்பாக விறைத்தன. வெட்டிய மரம்போல முகம் குப்புறச் சேற்றில் விழுந்தார். கையை ஊன்றக்கூட முடியவில்லை. அதே கணத்தில் உள்ளிருந்து ஓடிவந்த ஷர்மிளாவும் வாசற்படியில் அப்படியே நின்றுபோனாள். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. சாய்ந்த காரின் கண்ணாடி வழியாக நான் இரண்டு பேரையும் ஒரே பார்வையில் பார்த்தேன். ஒருவர் சேற்றில், ஒருத்தி தூணில். இருவரும் அசையவில்லை.

பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். அதில் ஒருவர், "என்னா மணியம் அண்ணே, பட்டப்பகல்லயே ஏத்திட்டீங்களா?" என்று கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டிச் சிரித்தார். மணியம் மெல்ல எழுந்து நான்கைந்து அடி விறைப்பாக நடந்தார். அப்புறம் கால் தளர்ந்து சாதாரணமாக நடந்தார். காரின் பின்பக்கம் போய்க் குனிந்து பிடித்து, "ஒன்னு, ரெண்டு" என்று எண்ணித் தூக்கினார். மற்ற மூவரும் சும்மா கை வைத்ததுதான். கார் மேலே வந்துவிட்டது.

வந்த பிறகும் அவர் கை காரின் விளிம்பை விடவில்லை. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். யாரும் கவனிக்காத மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டுதான் செய்தார். ஆனால் நான் பார்த்தேன். எஸ்தரும் பார்த்தார்.

நனைந்தவர்கள் எல்லோரும் மறுபடியும் உள்ளே போனோம். லெட்சுமி துண்டு கொடுத்தார். எஸ்தர் தலையைத் துவட்டியபடியே கேட்டார்.

"அண்ணே, உங்களுக்கு இது எப்ப இருந்து?"

லெட்சுமிதான் பதில் சொன்னார். "அது கல்யாணத்துக்கு முன்னுக்கே டாக்டர். மரத்துலேருந்து குலை விழுந்து முதுகுல அடி. அதுலேருந்து நரம்புப் பிடிப்பு."

எஸ்தர் மணியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குலையும் விழல, ஒன்னும் விழல," என்றார் மணியம்.

லெட்சுமி துண்டோடு அப்படியே நின்றார்.

"சின்னப் பிள்ளையிலேருந்தே இருக்கு. ஆறு வயசோ ஏழோ. பள்ளியில வாத்தியார் பேர் கூப்புட்டா உடனே எந்திரிக்க முடியாது. திமிருன்னு அடிப்பாரு. பத்து தடவ உக்காந்து எந்திரிச்சா சரியாயிரும்னு நானே கண்டுபுடிச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதான். வெடியுறதுக்கு முன்னுக்கே பின்னால போயி முப்பது தடவ குந்தி எந்திரிப்பேன். அப்புறம்தான் வேலைக்குப் போறது."

"நான் சாமி கும்புடுறீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றார் லெட்சுமி.

"ஆபீஸ்ல தெரிஞ்சா கையில இருக்குற அருவாளப் புடுங்கிருவாங்க. வேல போனா இந்த வூடும் போச்சு. அதான் குலை விழுந்துச்சுன்னு ஒரு கத. விழுந்து எந்திரிச்சா குடிகாரன்னு சொல்லுவானுங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். வேலைய விட்டு அனுப்புறதுக்கு அது பரவால்ல." அவர் மகளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவளுக்கு வந்தப்ப... நான்தான் குடுத்தேன்னு எப்படி வாயத் தொறந்து சொல்றது?"

ஷர்மிளா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"மூனு மாசம்! மூனு மாசமா நான் அழுவுறதப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்தீங்களாப்பா?"

மணியம் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார்.

"உங்களுக்கு என்னா வயசு இப்ப?"

"நாப்பத்தேழு."

"இன்னும் குலை வெட்டுறீங்க."

"வெட்டுறேன்."

"நேத்து எத்தன வெட்டுனீங்க?"

"நேத்தா? மழையிலயும் ரெண்டு டிராக்டர் ரொம்புச்சு."

ஷர்மிளா அவருடைய தோளையும் தொடையையும் அன்றுதான் முதல் முறை பார்ப்பவள்போலப் பார்த்தாள். பிறகு எஸ்தரிடம் திரும்பினாள். குரல் இன்னும் கோபமாகவே இருந்தது. "டாக்டர், எப்ப வரணும்?"

திரும்பும் வழியில் எஸ்தர் என்னை எச்சரித்தார். "சந்தோஷப்பட்டிடாதையும். ரெண்டாவது வியாதியிலயும் அப்பாவுக்குக் கொஞ்சமாத்தான் இருக்கும். சோதினை சொல்லட்டும்." அவர் சொன்னது சரிதான். ஆனால் ஆறு வயதில் விறைக்கத் தொடங்கி, நாற்பத்தேழு வயதில் கார் தூக்கும் மனிதர். என்னால் சந்தோஷப்படாமல் இருக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எஸ்தரின் முகத்திலும் அது கொஞ்சம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் மகளும் சிரம்பான் வந்தார்கள். தசைக்குள் மெல்லிய ஊசி வைத்து அதன் மின்சாரத்தை ஒலிபெருக்கியில் கேட்கும் சோதனை. ஷர்மிளாவின் சம்மதத்தோடு நானும் அறையில் இருந்தேன். அமைதியாக இருக்க வேண்டிய தசையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. தூரத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கி முறுக்கி விடுவதுபோல ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. பதினைந்து வருடம் இந்த வாயைப் பற்றி எழுதியவள் நான். அது இல்லாத தசையின் குரலை அன்றுதான் கேட்டேன்.

அடுத்து மணியத்தின் முறை. அதே சத்தம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மோட்டார் லா," என்றாள் ஷர்மிளா. மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று லெட்சுமி பிறகு சொன்னார்.

சத்தத்தை வைத்து இரண்டு வியாதிகளையும் பிரிக்க முடியாது. எஸ்தர் இருவரின் கண்ணையும் இதயத்தையும் சோதித்தார். சுத்தமாக இருந்தன. மரபணுச் சோதனைக்கு ரத்தம் போனது. பதில் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த இரண்டு வாரத்தைக் கழிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தினமும் காலையில் போனில் ஒரே வரி வரும்: "டீச்சர், வந்துச்சா?" பதில் டாக்டருக்குத்தான் வரும், எனக்கு வராது என்று எத்தனை தடவை சொன்னாலும் மறுநாளும் வரும். ஆய்வகத்தில் எலிச் செல்கள் நாராகத் திரண்டு தாமாகவே துடிக்கத் தொடங்கின. மாணவர்கள் கைதட்டினார்கள். பொட்டாசியம் வந்திருந்தது, சோடியம் வந்திருந்தது, கால்சியமும் வந்திருந்தது. குளோரைட் வழக்கம்போல வரவில்லை. முன்பெல்லாம் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எரிச்சல் வரும். இப்போது அந்த இடத்தில் ஷர்மிளாவின் முகம் வந்தது.

மனதை மாற்றலாம் என்று ஒரு சனிக்கிழமை கோலா கிளாவாங்குக்கு பஸ் ஏறினேன். மலைப்பாதை. வால்பாறைக்குப் போகிற மாதிரி வளைந்து வளைந்து ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்மணி வழி முழுக்க எனக்கு மாண்டரின் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். இறங்கி ஒரு கடையில் உட்கார்ந்தேன். மஞ்சளும் காந்தாரி மிளகாயும் அரைத்த தேங்காய்ப்பால் குழம்பு வைத்திருந்தார்கள். மீன் வேண்டாம், குழம்பு மட்டும் என்று சைகை காட்டினேன். கடைக்காரர் என் மேல் இரக்கப்பட்டு, இளம் பலாக்காய் போட்ட பானையைத் திறந்தார். முதல் வாயிலேயே கண்ணில் நீர் கொட்டியது. அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். பக்கத்து மேசைக்காரர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்தியாக்காரர்களுக்குக் காரம் பழக்கம் என்று சொல்வார்களே என்கிறார்." எங்கள் ஊர் மானத்தைக் காப்பாற்ற முழுத் தட்டையும் சாப்பிட்டேன். திரும்பும்போது பஸ் பழுதாகி நடு மலையில் நின்றது. ஒன்றரை மணி நேரம் எல்லோரும் சாலையோரத்தில் நின்றோம். யாரும் ஓட்டுநரைத் திட்டவில்லை. எங்கள் பக்கமாக இருந்திருந்தால் நான்கு பேர் இன்ஜினுக்குள் தலையை விட்டிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் ஷர்மிளா வழக்கமான ஒரு வரிக்குப் பதிலாகப் போனே போட்டாள். முந்தாநாள் மணியம் தானாகவே தோட்டத்து ஆபீசுக்குப் போயிருக்கிறார். எஸ்தர் எழுதிக் கொடுத்த கடிதம் கையில். உடம்பைக் கொஞ்சம் அசைத்துச் சூடேற்றிய பிறகு இவர் எல்லா வேலையும் செய்யலாம் என்று அதில் இருந்தது. மலாய் மேனேஜர் இரண்டு தடவை படித்தாராம்.

"அப்புறம் என்ன சொன்னாராம்?"

"'இத்தன வருஷமா ஏன் சொல்லல? நான் உன்னைக் குடிகாரன்னு நெனச்சேன்'னு கேட்டாராம். அப்பாவுக்கு பயத்துல ஒன்னும் ஓடல. அவரு சொன்னாராம், 'நாளையிலேருந்து உன் கோஷ்டி முழுக்க உன்கூட சேர்ந்து குந்தி எந்திரிக்கட்டும். எல்லாப் பயலுக்கும் முதுகு வலி'ன்னு." அவள் சிரித்தாள். "இப்ப அப்பா பின்னால இந்தோனேசியாக்காரங்க எட்டு பேரு குந்தி எந்திரிக்கிறாங்க டீச்சர்."

வீடு போகவில்லை. வேலையும் போகவில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் பெரிய முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது.

நான் ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, காலை வகுப்பின் நடுவே எஸ்தர் கதவருகே வந்து நின்றார். அவர் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. மருத்துவர்கள் அப்படி ஒரு முகம் வைத்திருக்கிறார்கள். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனேன்.

"வாரும், போவம்," என்றார். "முதல்ல அவளுக்குத்தான் சொல்ல வேணும். உமக்கும் காரில சொல்லமாட்டன்."

ரெம்பாவின் வளைந்த கூரைகள் எப்போது கடந்தன என்றுகூட எனக்குத் தெரியாது.

ஷர்மிளா வீட்டில் இருந்தாள். மணியம் வேலையில். உள்ளறையில் எஸ்தர் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே இருக்கிறேன் என்றேன். ஷர்மிளா வேண்டாம், இருங்கள் என்றாள்.

"பிள்ளை, கேளும். அந்த ரெண்டாவது வியாதி உமக்கு இல்லை. உம்மட அப்பாவுக்கும் இல்லை. குளோரைட் மரபணுவில ஒரு எழுத்து மாறியிருக்கு. ரெண்டு பேருக்கும் அதே எழுத்து. தசை தேயாது. இதயத்துக்கு ஒண்டும் இல்லை. வீல்சேர் இல்லை. விறைப்பு இருக்கும். தொந்தரவா இருந்தா மாத்திரை இருக்கு."

ஷர்மிளா எஸ்தரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், நீங்க சொன்னீங்களே, அந்தக் கடைசியா தொறக்குற வாய். அதுதானா?"

"அதேதான். பொட்டாசியம், சோடியம், கால்சியம், நாரு, பலம், எல்லாமே சரியா இருக்கு உனக்கு. அது ஒண்ணுதான் சரியாத் தொறக்கல."

"எனக்குப் பிள்ளை பொறந்தா?"

"வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி," என்றார் எஸ்தர்.

அவள் யோசித்தாள். "வந்தா குந்தி எந்திரிக்கச் சொல்லிக் குடுத்துருவேன்," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். எஸ்தரின் தோளில் முகம் புதைத்து, குலுங்கிக் குலுங்கி. லெட்சுமி அழுகைச் சத்தம் கேட்டுப் பதறி ஓடிவந்தார். எஸ்தர் தலையாட்டியதைப் பார்த்து, விஷயம் இன்னதென்று தெரியாமலே தானும் அழத் தொடங்கினார். நானும்தான்.

பதினோரு மணிக்கு மணியத்தின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. டாக்டரின் கார் வந்திருப்பதாக யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வேலை உடையோடு, தலையில் செம்பனைத் தூசியோடு, மோட்டாரிலிருந்து இறங்காமலே எங்கள் முகங்களைப் பார்த்தார். எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. அவர் முகம் வெளிறியதைப் பார்த்து எஸ்தர் வாயெடுத்தார்.

"நான் சொல்றேன் டாக்டர்," என்று ஷர்மிளா முன்னால் போனாள். எழுந்த வேகத்தில் முதல் இரண்டடி விறைத்தது. நின்று, அது விடும்வரை பொறுத்து, மறுபடி நடந்தாள்.

"அப்பா, இது நீங்க குடுத்ததுதான். கெட்டது இல்லப்பா. ஒன்னும் ஆவாது. உங்கள மாதிரியேதான் இருப்பேன்."

மணியம் மோட்டாரை நிறுத்திவிட்டு எங்கள் எல்லோரையும் தாண்டி வீட்டின் பின்பக்கம் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வெகுநேரம் கழித்து, சட்டையெல்லாம் நனைந்து, முகம் கழுவியவராக வந்தார். மகளின் முன்னால் வந்து நின்றார்.

"அந்தப் படிப்பு... இன்னும் சேத்துக்குவாங்களா?"

"அடுத்த சேர்க்கைக்கு எழுதலாம்பா."

"எங்க, ஈப்போவுலயா?"

"ஆமா."

மணியம் நெற்றியைச் சுருக்கினார். "ரொம்ப தூரமா இருக்கே லா," என்றார். "சிரம்பான் பக்கமா ஒன்னும் இல்லியா?"

"அப்பா!" என்றாள் ஷர்மிளா.

அவர்கள் இருவரும் தூரத்தைப் பற்றிச் சண்டை போடத் தொடங்கினார்கள். லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்துவிடலாம் என்று மகள் பக்கம் சேர்ந்துகொண்டார். மணியம் ஹாஸ்டல் சோறு சரியாக இருக்காது என்றார். வயதுக்கு வந்த பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும் எந்தத் தகப்பனும் படும் கவலைதான் அது. அந்த வீட்டில் அப்படி ஒரு சாதாரணக் கவலையை அன்றுதான் கேட்டேன். எஸ்தர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் குறுக்கே பேசாமல், அவர்கள் சண்டை முடியட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருந்தோம்.